மெயின்ஃப்ரேமில் மேனுவல் சொல்லாத வழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு வங்கிக்கு மெயின்ஃப்ரேம் பராமரிக்கும் குழுவில், ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இசட்/விஎம் (சுருக்கமாக விஎம்) பக்கம் பார்ப்பவன் நான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கோபோல் மொழியும், ஜாப் ஓட்ட எழுதும் ஜேசிஎல்லும் படித்துவிட்டு வருவார்கள். பழைய அசெம்ப்ளர் (இயந்திரக் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) லிஸ்டிங்கில் பெயரே இல்லாத ஒரு கட்டளையைக் கண்டதும் நேராக என் மேசைக்கு வருவார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு முறையும் ஒயிட்போர்டில் எழுதி அழிப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். இதில் வருவதெல்லாம் ஐபிஎம் வழி வந்த இயந்திரங்கள்: சிஸ்டம்/360, 370, பிறகு வந்த இசட் வரிசை. மற்ற கம்பெனி மெயின்ஃப்ரேம்களில் எனக்குப் பழக்கம் இல்லை.

1. மெயின்ஃப்ரேமுக்குத்தான் மேனுவல் மலை மலையாக இருக்கே. அதில் "அன்டாக்குமென்டட்" என்று எது இருக்க முடியும்?

மலை இருப்பது உண்மைதான். அதில் தலையானது 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷன்'. நாங்கள் சுருக்கமாக 'பாப்' என்போம். 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்து இந்தப் புத்தகம் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு கட்டளை எந்த பிட்டை மாற்றும், என்ன தவறு செய்தால் எந்த இண்டரப்ட் (ஓடுவதை இடைமறிக்கும் சமிக்ஞை) வரும் என்று அதில் எழுதியிருப்பது வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. எந்த மாடலை வாங்கினாலும் அப்படியேதான் நடக்கும். அறுபதுகளில் எழுதிய சாதாரண ப்ரோக்ராம் இன்றும் ஓடுகிறதென்றால் இந்த வாக்கினால்தான்.

அந்த வாக்குக்கு வெளியே விடப்பட்டவை பற்றித்தான் இங்கே பேச்சு. இயந்திரத்தில் நினைவகம் எவ்வளவு, பக்கத்துப் பார்ட்டிஷன் (இயந்திரத்தைப் பிரித்த பங்கு) எவ்வளவு சிபியூ தின்கிறது, கன்சோலில் முதல் வரியை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் இயங்குதளம் இயந்திரத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்கும் வழிகளில் பல பாப்பில் இல்லை. சிலவற்றுக்குப் பெயர் மட்டும் உண்டு, விளக்கம் கிடையாது. சிலவற்றுக்குப் பெயரும் கிடையாது. இன்னும் சிலவற்றுக்கு ஆவணம் இருக்கும், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கைக்கு மட்டும் போகும்.

2. பெயர் மட்டும் உண்டு, விளக்கம் இல்லை என்றால் எது மாதிரி?

டயக்னோஸ். ஆப்கோட், அதாவது கட்டளையின் எண், ஹெக்ஸ் 83. சிஸ்டம்/360 காலத்திலிருந்தே இருக்கிறது. பாப்பில் அதற்கென்று ஒரு தலைப்பு உண்டு. அங்கே போய்ப் பார்த்தால், இது என்ன செய்யும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சாதாரண ப்ரோக்ராமும் சூப்பர்வைசர் ப்ரோக்ராமும் பயன்படுத்துவதற்காக இதை வைக்கவில்லை, ஆகவே நிமோனிக்கும் (அசெம்ப்ளரில் எழுதும் சுருக்கப் பெயர்) தரவில்லை என்று இருக்கும். அசெம்ப்ளரில் எல்லாக் கட்டளைக்கும் அப்படி ஒரு சுருக்கப் பெயர் உண்டு, இதற்கு மட்டும் இல்லை. வேண்டுமென்றால் டிசி போட்டு பைட்டுகளைக் கையால் எழுத வேண்டும். நீங்கள் லிஸ்டிங்கில் பார்த்த 'பெயரில்லாத கட்டளை' இதுதான்.

அதோடு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. தவறாகக் கொடுத்தால் இல்லாத கோளாறு இருப்பதாக மெஷின் செக் வரலாம், உண்மையான கோளாறு கண்ணில் படாமலும் போகலாம், பவர்-ஆன் ரீசெட் செய்தால்தான் இயந்திரம் பழைய நிலைக்கு வரும் என்ற நிலைகூட ஏற்படலாம் என்கிறது. ஸ்டோர் சிபியூ ஐடி கொடுத்து மாடல் எண்ணையும் வெர்ஷன் கோடையும் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் இதைத் தொடாதே என்பது அதன் சாரம். பாப் முழுக்க நிதானமாகப் பேசுகிற புத்தகம். இந்தப் பகுதியில் மட்டும் கொஞ்சம் பதறுவது போல எனக்குத் தோன்றும்.

3. நானே ஒரு ஜாபில் 83 போட்டு ஓட விட்டால் மெஷின் படுத்துடுமா சார்?

படுக்காது. நீங்கள்தான் படுப்பீர்கள். வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் நானும் செய்து பார்த்தேன். நான்கு பைட் டிசி, அசெம்பிள் ஆகி, லிங்க் ஆகி, ஓடத் தொடங்கிய அதே கணத்தில் எஸ்0சி2 அபெண்ட், அதாவது ஜாப் பாதியிலேயே முறிந்தது. டயக்னோஸ் ஒரு ப்ரிவிலேஜ்டு கட்டளை, சூப்பர்வைசர் ஸ்டேட்டில் மட்டும் ஓடும். பேட்ச் ஜாப் உரிமை குறைந்த ப்ராப்ளம் ஸ்டேட்டில் ஓடுவதால் ப்ராசசர் அதை நிறைவேற்றவே இல்லை; இண்டரப்ஷன் கோட் 2 கொடுத்து நிறுத்திவிட்டது. மறுநாள் காலை என் சீனியர் ஜாப் லாகைப் பிரிண்ட் எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் ஸ்டேட்டுக்குப் போகும் உரிமை உள்ள ப்ரோக்ராம் என்றால் கதையே வேறு. அங்கே முன் பதிலில் சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

4. ஆனால் விஎம் மேனுவலில் டயக்னோஸ் கோட் லிஸ்ட் பக்கம் பக்கமாக இருக்கே! அப்புறம் எப்படி அன்டாக்குமென்டட் என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. எல்லோரும் குழம்புகிற இடம் இது. விஎம்மில் உங்கள் மெய்நிகர் இயந்திரம் 83 கொடுத்தால் அது நிஜ வன்பொருளைச் சென்றடைவதில்லை. ப்ரிவிலேஜ்டு கட்டளை என்பதால் இடையிலேயே சிபி பிடித்துக்கொள்கிறது. சிபிதான் விஎம்மின் ஹைப்பர்வைசர், அதாவது மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள். வன்பொருளுக்கு வெளியே யாரும் உரிமை கொண்டாடாத ஆப்கோட் ஒன்று சும்மா கிடந்தது. விஎம்மை எழுதியவர்கள் அதைத் தங்கள் ஹைப்பர்வைசருடன் பேசும் வழியாக எடுத்துக்கொண்டார்கள். 1972-இல் வந்த விஎம்/370-க்கு முந்தைய சிபி-67 காலத்திலேயே இந்தப் பழக்கம் இருந்தது. ஆக மேனுவலில் நீங்கள் பார்த்தது சிபி தரும் டயக்னோஸ். நிஜ வன்பொருள் தரும் டயக்னோஸ் வேறு. ஒரே ஆப்கோட், இரண்டு எஜமான்.

சிபி பக்கத்தை ஒருமுறை கையால் செய்து பார்த்தால் புரிந்துவிடும். விஎம்மில் பயனர் வேலை செய்யும் இயங்குதளமான சிஎம்எஸ்ஸில் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதுங்கள். ரெஜிஸ்டர் 1-இல் 'குவெரி டைம்' என்ற கமாண்ட் எழுத்துகளின் முகவரி, ரெஜிஸ்டர் 2-இல் அதன் நீளமான 10. அடுத்து டிசி போட்டு 83 12 00 08 என்று நான்கு பைட். முதல் பைட் ஆப்கோட், 1-உம் 2-உம் ரெஜிஸ்டர்கள், கடைசி 0008 என்பது டயக்னோஸ் கோட் 8, அதாவது 'இந்த சிபி கமாண்டை எனக்காக ஓட்டு'. ஓட்டினால் கன்சோலில் நேரம் வரும், ரெஜிஸ்டர் 2-இல் ரிட்டர்ன் கோட் வந்து உட்காரும். கமாண்டில் எழுத்துப் பிழை இருந்தால் 1 வரும். எஸ்0சி2 மாதிரி எதுவும் வராது, ஏனென்றால் சிஎம்எஸ் தன் மெய்நிகர் இயந்திரத்துக்குள் சூப்பர்வைசர் ஸ்டேட்டில்தான் ஓடுகிறது.

5. எங்களிடம் விஎம் இல்லை, எல்பார் மட்டும்தான். அங்கேயும் டயக்னோஸ் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் பதில் சொல்கிறவர் மாறிவிடுவார். எல்பாருக்கு (முதல் பதிலில் சொன்ன பார்ட்டிஷன்தான்) அடியில் பிஆர்/எஸ்எம் இருக்கிறது. அதுவும் ஒரு ஹைப்பர்வைசர்தான், ஃபர்ம்வேர் உருவத்தில். டயக்னோஸ் 204 கொடுத்தால் எந்தப் பார்ட்டிஷன் எவ்வளவு சிபியூ நேரம் எடுத்தது என்ற கணக்கை அது தரும். செயல்திறனைக் கணக்கெடுக்கும் ஆர்எம்எஃப் ரிப்போர்ட்டில் 'பார்ட்டிஷன் டேட்டா' என்று ஒரு பகுதி தினமும் பார்க்கிறீர்களே, அந்த எண்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. மற்ற பார்ட்டிஷன்களின் கணக்கு தெரியவில்லை என்றால் இயந்திரத்தை நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சியில் ஆக்டிவேஷன் ப்ரொஃபைலைத் திறந்து 'குளோபல் பெர்ஃபார்மன்ஸ் டேட்டா கண்ட்ரோல்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் பிரச்சினை அதுதான்.

6. இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஏதாவது வழி இருக்கா?

மெயின்ஃப்ரேமில் ஓடும் லினக்ஸ் கிடைத்தால் இருக்கிறது. ரூட் ஆக நுழைந்து, கர்னல் தன் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸுக்குள் 'டயக் ஸ்டாட்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு டயக்னோஸ் எண், சிபியூவுக்கு ஒரு நெடுவரிசை, எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற எண்ணிக்கை, ஓரத்தில் பெயர். 044 என்பது 'எனக்கு இப்போது வேலையில்லை, என் நேரத்தை வேறு யாருக்காவது கொடு' என்று ப்ராசசரை விட்டுக்கொடுப்பது. 09சி அதன் தம்பி. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லும். 308 மறுபடி ஐபிஎல் (பூட்) செய்ய. 500 விர்ட்ஐஓ, அதாவது மெய்நிகர் சாதனங்களுக்கு. 288-க்கு எதிரே 'டைம் பாம்' என்று எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், அது வாட்ச்டாக்: குறித்த நேரத்துக்குள் லினக்ஸ் குரல் கொடுக்காவிட்டால் சிஸ்டத்தை மறுபடி கிளப்புவதற்கு.

7. 'சர்வீஸ் கால்' என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் டயக்னோஸ்தானா?

இல்லை. முதல் பதிலில் சொன்ன 'பெயரும் கிடையாது' வகை அது. ஆப்கோட் பி220. பாப்பில் தேடினால் கிடைக்காது. ஆனால் அதன் நிழல் அங்கே விழுந்திருக்கிறது: எக்ஸ்டர்னல் இண்டரப்ட் பட்டியலில் 2401, 'சர்வீஸ் சிக்னல்'. மாடல் சார்ந்த டயக்னோஸ் போன்ற வழிகளில் தொடங்கிய பராமரிப்பு வேலை முடிந்ததும் இது வரும் என்கிறது. மணி அடிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். மணியை அடிக்கச் சொல்வது எப்படி என்று எழுதவில்லை.

நடப்பது இதுதான். எச்எம்சிக்கும், இயந்திரத்தோடு இருக்கும் சேவைக் கணினியான சப்போர்ட் எலிமெண்டுக்கும் இயங்குதளம் செய்தி அனுப்பும் வழி எஸ்சிஎல்பி. அதற்கான கட்டளைதான் சர்வீஸ் கால். ஒரு லினக்ஸ் எல்பாரில் எழும்பும்போது முதலில் தெரிய வேண்டியது தனக்கு எவ்வளவு நினைவகம் என்பது. 2 ஜிபிக்குக் கீழே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளும். அதன் முதல் இரண்டு பைட்டில் நீளம் எழுதும். பிறகு 00020001 என்ற கமாண்ட் வேர்டையும் அந்தப் பக்கத்தின் முகவரியையும் கொடுத்து பி220. கண்டிஷன் கோட் 0 என்றால் ஏற்றுக்கொண்டது, 2 என்றால் பிஸி, 3 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. ஏற்றுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் 2401 வரும். எந்தப் பக்கத்துக்குப் பதில் வந்தது என்பது நினைவகத்தின் 128-ஆவது இடத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில் 6, 7-ஆம் பைட்டில் 0010 இருந்தால் எல்லாம் நலம். 8, 9-இல் நினைவகத் துண்டுகளின் எண்ணிக்கை, 10-இல் ஒரு துண்டு எத்தனை எம்பி. இரண்டையும் பெருக்கினால் விடை. இவ்வளவுதான் சமாச்சாரம். இதை ஏன் பாப்பில் போடவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. சிஸ்டம்/360-இல் இதே 128-ஆவது இடத்திலிருந்துதான் 'டயக்னாஸ்டிக் ஸ்கேன்-அவுட்' பகுதி தொடங்கியது. கோளாறு வந்தால் வன்பொருள் தன் உள் நிலையை அங்கே கொட்டும். அதன் உள்ளமைப்பு மாடலைப் பொறுத்தது. வீடு அதேதான், குடியிருப்பவர் மாறிவிட்டார்.

எச்எம்சியில் 'ஆபரேட்டிங் சிஸ்டம் மெசேஜஸ்' என்ற ஜன்னலில் லினக்ஸின் பூட் வரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் எஸ்சிஎல்பி வழியாகவே போகின்றன, வேறு கமாண்ட் வேர்டில்: 00760005.

8. இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு? லிஸ்ட் கிடைக்குமா?

முழு லிஸ்ட் தர என்னால் முடியாது. அடிக்கடி எதிர்ப்படுகிறவை மட்டும். பி25எஃப்: உள்ளீடு-வெளியீட்டைக் கவனிக்கும் சேனல் சப்சிஸ்டத்திடம் அதன் அமைப்பைக் கேட்பது, சிஎச்எஸ்சி என்பார்கள். பி274: சிகா. ஓஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் வரிசையில் வேலையை வைத்துவிட்டு 'பார்த்துக்கொள்' என்று தட்டுவதற்கு. பி2ஏடி, பி2ஏஇ, பி2ஏஎஃப் மூன்றும் கிரிப்டோ கார்டுக்கு: வேலையைக் கொடுக்க, வாங்க, நிலவரம் கேட்க. பி214: எஸ்ஐஇ, மெய்நிகர் இயந்திரத்தை நேரடியாக வன்பொருளில் ஓட விடுவது. இந்தக் கடைசிக்கு எண்பதுகளில் தனி மேனுவல் ஒன்றே வெளியிட்டார்கள். பிறகு சேர்த்த விரிவாக்கங்கள் அப்படி வெளிவரவில்லை.

லினக்ஸ் மூலநிரலில் மெயின்ஃப்ரேமுக்கான எஸ்390 பகுதிக்குள் 'டூல்ஸ்' அடைவில் ஆப்கோட் பட்டியல் கோப்பு ஒன்று இருக்கிறது. பாப்பில் உள்ளவையும் இல்லாதவையும் அதில் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

9. ஐபிஎம் இதையெல்லாம் ஏன் மறைக்குது? போட்டிக் கம்பெனியை ஒழிக்கத்தானே?

அதுவும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காரணம் வேறு. மேனுவலில் எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. எழுதாமல் வைத்திருந்தால் அடுத்த மாடலில் தூக்கிப்போட்டுவிடலாம்.

எனக்குப் பிடித்த உதாரணம் இ6. 1976-இல் அறிவிக்கப்பட்ட 370/138, 148 மாடல்களில் இசிபிஎஸ்:விஎம் என்று ஒரு மைக்ரோகோட் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் நிரல்) வசதி வந்தது. விஎம்மின் சில உள்வேலைகளை மைக்ரோகோடே செய்து தரும். அந்தக் கட்டளைகளின் முதல் பைட் இ6. இன்று அதே இ6-இல் தொடங்குபவை என்ன தெரியுமா? 2017-இல் வந்த இசட்14-இன் வெக்டர் பேக்டு டெசிமல் கட்டளைகள். கோபோல் ப்ரோக்ராமில் வட்டிக் கணக்கு போடும் கூட்டல் கழித்தல். இசிபிஎஸ்ஸை என்றென்றைக்கும் தருவதாக பாப்பில் எழுதியிருந்தால் அந்த இடம் காலியாகியிருக்காது.

10. மைக்ரோகோட் ரகசியமா இருந்தா, ஆம்டால், ஹிட்டாச்சி எல்லாம் ஐபிஎம் மாதிரியே மெஷின் எப்படிச் செஞ்சாங்க?

பாப்பை வைத்துக்கொண்டுதான். அது யாரும் வாங்கக்கூடிய புத்தகம். சிஸ்டம்/360-ஐ வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஜீன் ஆம்டால் 1970-இல் ஐபிஎம்மை விட்டு வெளியேறித் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். 1975-இல் முதல் 470வி/6 நியூயார்க்கில் உள்ள நாசா ஆய்வு மையத்துக்குப் போனது. ஐபிஎம்மின் இயங்குதளம் அதில் ஓடியது. வெளிப்பக்கம் சுலபம்தான், சேனலுக்கும் கண்ட்ரோல் யூனிட்டுக்கும் நடுவே ஓடும் பஸ் அண்ட் டேக் கேபிளின் ஒவ்வொரு கம்பிக்கும் ஐபிஎம்மே மற்ற உற்பத்தியாளர்களுக்கென்று மேனுவல் போட்டிருந்தது.

தலைவலி பிறகு ஆரம்பித்தது. புதிய இயங்குதளப் பதிப்புகள் புதிய மைக்ரோகோட் உதவிகளை எதிர்பார்க்கத் தொடங்கின. போட்டியாளர் ஒவ்வொரு முறையும் ஓடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆம்டால் 580 வரிசையில் மேக்ரோகோட் என்று ஒரு அடுக்கு வைத்ததே இப்படி வருபவற்றை வன்பொருளைத் தொடாமல் சேர்ப்பதற்காகத்தான்.

இந்த அவசரம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1982 ஜூன் 22 சாட்சி. ஐபிஎம் 3081 பற்றிய 'அடிரோன்டாக்' என்ற ரகசிய வடிவமைப்புக் குறிப்பேடுகளை வாங்க முயன்றதாக ஹிட்டாச்சி, மிட்சுபிஷி ஊழியர்களை எஃப்பிஐ கைது செய்தது. எஃப்பிஐ ஆட்கள் விற்பவர் வேடத்தில் சிலிக்கன் வேலியில் ஒரு பொய்க் கம்பெனியே திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஹிட்டாச்சி குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதம் கட்டியது.

11. இதில் அரசாங்கம் எதுவும் தலையிடலையா?

ஐரோப்பாவில் தலையிட்டது. 1984 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையத்துக்கு ஐபிஎம் ஒரு உறுதிமொழி கொடுத்தது: சிஸ்டம்/370 சார்ந்த புதிய பொருளை அறிவித்தால் நான்கு மாதத்துக்குள் அதன் இடைமுக விவரங்களைப் போட்டியாளருக்குத் தர வேண்டும். 1995 வரை அது நடைமுறையில் இருந்தது. 2010-இல் ஆணையம் மறுபடி இரண்டு விசாரணை தொடங்கியது. எமுலேட்டர் (மெயின்ஃப்ரேமைப் போல நடிக்கும் மென்பொருள்) தொடர்பானது, புகார் கொடுத்தவர்கள் வாபஸ் வாங்கியதும் முடிந்தது. வெளிப் பராமரிப்பாளர்களுக்கு உதிரிபாகமும் தொழில்நுட்ப விவரமும் தருவது பற்றியது, ஐபிஎம் தந்த வாக்குறுதியுடன் 2011 டிசம்பரில் முடிந்தது.

12. மேனுவலே இல்லாமல் லினக்ஸ்காரங்க டிரைவர் எப்படி எழுதினாங்க?

முதலில் வெளி ஆட்கள் எழுதிய 'பிக்ஃபுட்' என்ற முயற்சி இருந்தது. 1999 டிசம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கன் ஆய்வகத்திலிருந்து ஐபிஎம்மே தன் லினக்ஸை வெளியிட்டது. உள்ளே இருப்பவர்கள் எழுதியதால் மேனுவல் தேவைப்படவில்லை. ஆனால் எல்லாவற்றையும் திறந்து தரவும் இல்லை. ஓஎஸ்ஏ நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர்கள் முதலில் பைனரியாக மட்டும் வந்தன. 'ஆப்ஜெக்ட் கோட் ஒன்லி' என்பது 1983-இல் ஐபிஎம் தன் மென்பொருளுக்கு அறிவித்த கொள்கை. இங்கும் எட்டிப் பார்த்தது. கர்னலை நீங்கள் மாற்றி கம்பைல் செய்தால் அந்தப் பைனரி ஏறாது, நெட்வொர்க் போச்சு.

சில ஆண்டுகளில் அவையும் மூலநிரலாக வந்துவிட்டன. பிறகு 2008-இல் எஸ்390-க்கான கேவிஎம் (லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசர்) கர்னலில் சேர்ந்தபோது எஸ்ஐஇயின் கட்டுப்பாட்டு பிளாக் அமைப்பும் ஒரு சி ஹெடர் கோப்பாக எல்லோர் பார்வைக்கும் வந்தது. எட்டாம் கேள்வியில் உள்ள எண்களில் பலவற்றை நான் கற்றது அங்கேதான். மேனுவல் ஒருபோதும் வெளிவரவில்லை, ஆனால் மேனுவல் சொல்லியிருக்க வேண்டியது ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: மூலநிரல் காட்டுவது லினக்ஸ் பயன்படுத்தும் பகுதியை மட்டும். ஒரு ஃபீல்டுக்கு 'ரிசர்வ்டு' என்று போட்டிருந்தால் அது காலி என்று அர்த்தமில்லை. லினக்ஸுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவே.

13. டெர்மினல் கேபிள் பக்கமும் இதே கதையா?

பாதி. 3270 டேட்டா ஸ்ட்ரீம், அதாவது திரையில் எந்த இடத்தில் என்ன எழுத்து என்று சொல்லும் மொழிக்கு மேனுவல் தாராளமாகக் கிடைத்தது. கோஆக்ஸ் கம்பியில் பிட்டுகள் எப்படி ஓடுகின்றன என்பது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. 93 ஓம் கேபிளில் வினாடிக்கு 23,58,700 பிட். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த இர்மா கார்டு பிசியை 3270 டெர்மினலாக நடிக்க வைத்தது. நேஷனல் செமிகண்டக்டர் அந்த நெறிக்கென்றே டிபி8340, டிபி8341 சிப்களை விற்றது. டேட்டாஷீட்டிலேயே பிட் அமைப்பு அச்சான பிறகு ரகசியத்துக்கு என்ன வேலை?

14. நான் ரிவர்ஸ் இன்ஜினியரிங் செய்தால் சட்டத்தில் மாட்டுவேனா?

நான் வக்கீல் இல்லை. தெரிந்த இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நம் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 52(1)(ஏபி) என்று ஒரு உட்பிரிவு 1999 திருத்தத்தில் வந்தது. சட்டப்படி ஒரு ப்ரோக்ராமை வைத்திருப்பவர், தான் தனியாக எழுதிய ப்ரோக்ராம் அதோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை எடுப்பது மீறல் ஆகாது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐரோப்பாவின் 1991 மென்பொருள் நெறிமுறையும் இதே போக்கில் செல்வதுதான். இரண்டாவது, உங்கள் கம்பெனி ஐபிஎம்முடன் போட்ட லைசென்ஸ் ஒப்பந்தம். பெரும்பாலும் மாட்டுவது அதில்தான். வாடிக்கையாளரின் இயந்திரத்தில் வேண்டவே வேண்டாம். வீட்டில் ஹெர்க்குலிஸ் எமுலேட்டரில் விளையாடுங்கள். பி220 அதிலும் உண்டு.

15. எங்கள் ப்ரொடக்‌ஷன் ப்ரோக்ராமில் பழைய 83 ஒன்று இருக்கு. "முதல் பைட் எஃப்எஃப்பா?" என்று பார்த்துவிட்டுத்தான் போகுது. அப்படியே விட்டுவிடலாமா?

யாரோ விவரமானவர் எழுதியிருக்கிறார். இரண்டாம் பதிலில் சொன்ன ஸ்டோர் சிபியூ ஐடியைத்தான் அவர் பயன்படுத்தியிருக்கிறார். விஎம்முக்கு அடியில் ஓடினால் வெர்ஷன் கோடாக எஃப்எஃப் வரும். எஃப்எஃப் என்றால் கீழே சிபி இருக்கிறது, சிபி இருந்தால் டயக்னோஸ் 8 வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. எழுதிய காலத்தில் சரியான கணக்கு.

பிறகு கேவிஎம் வந்தது. அதுவும் தன் விருந்தாளிகளுக்கு எஃப்எஃப் என்றே காட்டுகிறது. ஆனால் கேவிஎம்முக்கு டயக்னோஸ் 8 என்றால் என்னவென்று தெரியாது. நேரம் வர வேண்டிய இடத்தில் ஸ்பெசிஃபிகேஷன் எக்செப்ஷன் வரும். லினக்ஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது என்றால், எஸ்டிஎஸ்ஐ கட்டளையால் 3.2.2 தகவலைக் கேட்டு, ஹைப்பர்வைசர் தன் பெயரை என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறது. ஐபிஎம்மின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் டி2 இ5 டி4 என்று மூன்று பைட் இருந்தால் கேவிஎம். எஸ்டிஎஸ்ஐ பாப்பில் முறையாக உள்ள கட்டளை, ஆகவே அதை நம்பலாம்.

உங்கள் ப்ரோக்ராம் இசட்/விஎம்மை விட்டு எங்கும் போகாது என்றால் அப்படியே விடலாம், ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும். மாற்றம் வரும் வாய்ப்பு இருந்தால் எஃப்எஃப் சோதனைக்குப் பின்னால் இந்தச் சோதனையையும் சேர்த்துவிடுங்கள். எப்படியிருந்தாலும் அந்த நான்கு பைட்டுக்கு மேலே ஒரு வரி கமென்ட் போடுங்கள்: எந்த டயக், கீழே யார் இருப்பதாக நினைத்து எழுதியது, எந்த வருடம்.